பாட் போனால் போகட்டும், படம் போகக் கூடாது: கே3எஸ் கிளஸ்டரில் வேர்ட்பிரஸ்

கேள்வி இதுதான். மூன்று நோட் (கணினி) உள்ள ஒரு கே3எஸ் கிளஸ்டர் (குபெர்நெட்டீஸின் இலகுவான வடிவம்). அதில் வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு டிப்ளாய்மென்ட் (பாட்களை, அதாவது நிரல் ஓடும் கூடுகளை, ஓட வைக்கும் அமைப்பு), தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் இன்னொரு டிப்ளாய்மென்ட். தரவுத்தளத்துக்கு வால்யூம் (பாட் செத்தாலும் அழியாத சேமிப்பிடம்) இருக்கிறது, வேர்ட்பிரஸுக்கு இல்லை. பாட் மறுபடி எழும்போதெல்லாம் ஏற்றிய படங்கள் காணாமல் போகின்றன. ரெப்ளிக்காவை (ஒரே பாட்டின் நகல்களின் எண்ணிக்கையை) 3 ஆக்கினால், லாகின் செய்த அடுத்த கிளிக்கிலேயே மறுபடி லாகின் பக்கம் வருகிறது. சீக்ரெட்டில் (ரகசியங்களைக் குபெர்நெட்டீஸ் வைக்கும் இடத்தில்) கடவுச்சொல்லை மாற்றிய பிறகு தரவுத்தள இணைப்பே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு அவசர வேலை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேர்ட்பிரஸ் பாட்களில் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறையை உங்கள் கணினிக்கு நகல் எடுத்துவிடுங்கள். குபெர்நெட்டீஸின் கட்டளைக் கருவியான க்யூப்சிடிஎல்லில் இதற்கென்றே நகல் கட்டளை இருக்கிறது. மூன்று ரெப்ளிக்கா ஓடுகிறது என்றால் மூன்று பாட்களிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒரு படம் எந்த பாட் வழியாக ஏறியதோ அந்த பாட்டில் மட்டும்தான் இருக்கும். தரவுத்தளமோ மூன்றுக்கும் பொது என்பதால் ‘படம் இருக்கிறது’ என்றே சொல்லும். பக்கத்தைத் திறக்கும்போது படம் ஒரு முறை வந்து இரண்டு முறை வராமல் போவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் அதுதான். டிப்ளாய்மென்ட்டை எழுதிய யாமல் கோப்பில், பாட்டை விவரிக்கும் பகுதியில் ஒரு எழுத்தை மாற்றி மறுபடி ஏற்றினாலும் அந்த பாட்கள் போய்விடும், படங்களும் கூடவே போய்விடும்.

எடுத்தாயிற்றா? சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

வேர்ட்பிரஸ் 2003-இல் பிறந்தது. ஒரே ஒரு சர்வர், அதில் அழியாத ஒரு டிஸ்க், அதன் மேல் ஒரு பிஹெச்பி என்று கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டது. பிளகின் போட்டால் அது தன் சொந்த நிரல் கோப்புறைக்குள்ளேயே எழுதும். தன்னைத் தானே புதுப்பித்தும் கொள்ளும். குபெர்நெட்டீஸை 2014-இல் கூகுள் வெளியிட்டது. எந்த பாட்டையும் எந்த நேரத்திலும் கொன்றுவிட்டு வேறிடத்தில் புதிதாக எழுப்பலாம் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். (அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். தமிழில் மீகாமன் என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.) இந்த இரண்டு எண்ணங்களும் மோதும் இடங்களில்தான் உங்கள் மூன்று பிரச்சினைகளும் நிற்கின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்த வலைப்பதிவில் எதெல்லாம் அழியவே கூடாது?’ என்பது. எண்ணிப் பார்த்தால் நான்கே நான்கு: தரவுத்தளத்தின் கோப்புகள், அப்லோட்ஸ் கோப்புறை, வேர்ட்பிரஸின் ரகசியச் சாவிகள், கடவுச்சொற்கள். மற்றதெல்லாம் இமேஜிலிருந்து (பாட்டை எழுப்பும் மென்பொருள் அச்சிலிருந்து) மறுபடி வரக்கூடியவை, அல்லது அப்படி வரும்படி நாம் செய்துகொள்ள வேண்டியவை.

லாகின் பிரச்சினையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் பலரும் தவறான வைத்தியம் செய்கிறார்கள். வேர்ட்பிரஸ் லாகின் விவரத்தைக் குக்கியில் வைக்கிறது. அந்தக் குக்கிக்கு முத்திரை குத்த, அதன் கட்டமைப்புக் கோப்பில் நான்கு சாவிகளும் நான்கு சால்ட்களுமாக எட்டு சரங்கள் இருக்கின்றன. அதிகாரபூர்வ இமேஜுக்கு நீங்கள் அவற்றைக் கொடுக்காவிட்டால், கண்டெய்னர் முதல் முறை எழும்போது அதுவே ரேண்டமாக எட்டு சரங்களை உருவாக்கிக்கொள்ளும். உங்களிடம் வால்யூம் இல்லாததால் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி எட்டு. முதல் கவுன்டரில் கொடுத்த டோக்கனை இரண்டாம் கவுன்டர்காரர் ‘இது எங்களுடையது இல்லை’ என்று திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவுதான் நடப்பது. இதற்கு ஸ்டிக்கி செஷன் (ஒருவரை எப்போதும் ஒரே பாட்டுக்கு அனுப்புவது) போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். போட்டால் பிரச்சினை மறையும். அந்த பாட் செத்ததும் திரும்ப வரும். எட்டு சரங்களையும் ஒரே ஒரு முறை உருவாக்கி ஒரு சீக்ரெட்டில் வைத்து, என்விரான்மென்ட் வேரியபிள்களாக எல்லா பாட்களுக்கும் கொடுங்கள். தீர்ந்தது.

கடவுச்சொல் விஷயம் இன்னும் வேடிக்கையானது. மைஎஸ்க்யூஎல் இமேஜுக்கு நாம் கொடுக்கும் ரூட் கடவுச்சொல், பயனர் பெயர், தரவுத்தளப் பெயர் எல்லாம் தரவுக் கோப்புறை காலியாக இருக்கும்போது மட்டும்தான் படிக்கப்படும். அதாவது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதன் பிறகு சீக்ரெட்டை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் மைஎஸ்க்யூஎல் தன் பயனர் அட்டவணையில் உள்ள பழைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும். வேர்ட்பிரஸ் பாட் மட்டும் புதியதை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறது. பழைய கடவுச்சொல் நினைவிருந்தால் மைஎஸ்க்யூஎல் பாட்டுக்குள் நுழைந்து, ஆல்டர் யூசர் கட்டளையால் புதியதை வையுங்கள். அப்புறம் வேர்ட்பிரஸ் டிப்ளாய்மென்ட்டை மறுதொடக்கம் செய்யுங்கள்; ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் என்விரான்மென்ட் வேரியபிள் சீக்ரெட் மாறுவதால் தானாக மாறாது. ‘வால்யூமை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சரியாகும் என்பது உண்மைதான், பதிவுகள்தான் இருக்காது.

இந்த வேலையோடு சேர்த்து, வேர்ட்பிரஸ் ரூட் பயனராக இணைவதையும் நிறுத்திவிடுங்கள். அதற்கு அதன் தரவுத்தளத்தின் மீது மட்டும் உரிமை உள்ள ஒரு பயனர் போதும். இன்னொன்று, சீக்ரெட்டில் இருப்பது பேஸ்64 எழுத்துமாற்றம் மட்டுமே, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் படிக்கலாம். அந்த யாமலை கிட் நிரல் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள்.

இப்போது தரவுத்தளத்தை வைக்கும் விதம். டிப்ளாய்மென்ட்டின் இயல்பான பழக்கம், புதிய பாட்டை எழுப்பிவிட்டுப் பழையதைக் கொல்வது. வலைச் சர்வருக்கு அது நல்லது, மைஎஸ்க்யூஎல்லுக்கு ஆபத்து. ஒரே தரவுக் கோப்புறையில் இரண்டு மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. இரண்டாவது வந்தது பூட்டு கிடைக்காமல் விழுந்து விழுந்து எழும். ‘வால்யூமுக்கு ரீட்ரைட்ஒன்ஸ் என்று போட்டிருக்கிறேனே, காக்காதா?’ என்று கேட்கலாம். அந்தச் சொல் கட்டுப்படுத்துவது நோட்டை. ஒரே நோட்டில் இரண்டு பாட்கள் அந்த வால்யூமைத் திறக்க அது தடையில்லை. டிப்ளாய்மென்ட்டாகவே வைத்துக்கொள்வதானால் உத்தியை ‘ரீகிரியேட்’ என்று மாற்றுங்கள். பழையது செத்த பிறகே புதியது எழும். நான் ஸ்டேட்ஃபுல்செட்டைத்தான் சொல்வேன். பாட்டின் பெயர் நிலையானது, வால்யூம் அதோடு ஒட்டியே இருக்கும், ஸ்டேட்ஃபுல்செட்டை அழித்தாலும் பிவிசி (வால்யூமைக் கேட்டு வாங்கும் கோரிக்கை) இயல்பாக அழியாது. நோட் ஒன்று திடீரென்று தொடர்பை இழந்தால், அதிலிருந்த பாட் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று உறுதியாகும் வரை அதே பெயரில் இன்னொன்றை எழுப்பாது. முதல் முறை பார்க்கும்போது இது எரிச்சலாக இருக்கும். உங்கள் தரவைக் காப்பது அந்த எரிச்சல்தான்.

மைஎஸ்க்யூஎல்லின் ரெப்ளிக்கா 1 ஆகவே இருக்கட்டும். ஸ்டேட்ஃபுல்செட்டில் எண்ணை 3 ஆக்கினால் மூன்று தனித்தனித் தரவுத்தளங்கள் கிடைக்கும், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது. பேச வைக்க ரெப்ளிகேஷன் அமைக்க வேண்டும், அதற்கு ஆபரேட்டர்கள் இருக்கின்றன, அது வேறு கதை. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம், வேர்ட்பிரஸுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் தொடங்கிய மான்டி விடேனியஸ் முதலாவதற்கு மூத்த மகள் மையின் பெயரையும் அடுத்ததற்கு இளைய மகள் மரியாவின் பெயரையும் வைத்தார். அக்கா, தங்கை.

எதைப் போட்டாலும் இமேஜ் பெயரில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாதீர்கள். லேட்டஸ்ட் என்று இருந்தால் பாட் எழும்போதெல்லாம் புதிய பதிப்பு உண்டா என்று குபெர்நெட்டீஸ் போய்ப் பார்க்கும். மைஎஸ்க்யூஎல் 8.0.16-இலிருந்து சர்வர் எழும்போதே தரவுக் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. பழைய வடிவத்துக்கு அப்படியே திரும்பி வர வழியில்லை. நள்ளிரவில் நோட் ஒன்று மறுதொடக்கம் ஆனதால், யாரும் கேட்காமலே தரவுத்தளம் அடுத்த பெரிய பதிப்புக்குப் போய் நிற்பது நடக்கக்கூடிய விஷயம். 8.4 வேண்டுமென்றால் 8.4 என்றே எழுதுங்கள்.

கே3எஸ்ஸில் நீங்கள் வேறெதுவும் நிறுவாவிட்டால் வால்யூம் கொடுப்பது லோக்கல்-பாத். அது அந்த நோட்டின் டிஸ்கில் ஒரு கோப்புறையை உருவாக்கிக் கொடுக்கிறது, அவ்வளவே. வேகம் நன்றாக இருக்கும். ஆனால் அந்த வால்யூம் அந்த நோட்டுக்கே கட்டுப்பட்டது. நோட் படுத்தால் மைஎஸ்க்யூஎல் வேறு நோட்டுக்குப் போகாது, ‘பெண்டிங்’ என்று காத்திருக்கும். மூன்று நோட் இருக்கிறது, ஒன்று போனால் மற்றது தாங்கும் என்று நம்பியிருந்தால், இப்போதைய அமைப்பில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. லாங்ஹார்ன் நிறுவினால் வால்யூமின் நகல்கள் பல நோட்களில் இருக்கும். விலையாக, டிஸ்கில் எழுதும் ஒவ்வொன்றும் வலையமைப்பைக் கடந்து போக வேண்டும். சின்ன வலைப்பதிவுக்கு லோக்கல்-பாத்தும் நல்ல பேக்கப்பும் போதும் என்பது என் கருத்து. ஒரு மணி நேரம் தளம் படுத்தால் வருமானம் போகும் என்றால் லாங்ஹார்ன். என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியாகப் பகிரும் கோப்பு முறை) மேல் மைஎஸ்க்யூஎல்லை மட்டும் உட்கார வைக்காதீர்கள். பூட்டுகளும் டிஸ்கில் எழுதுவதும் அங்கே நம்பகமாக இருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

வேர்ட்பிரஸுக்கு எத்தனை ரெப்ளிக்கா? என் நேரடியான பதில்: ஒன்று. பக்கங்களை முன்கூட்டியே சேமித்து வைக்கும் கேஷ் பிளகின் ஒன்றோடு ஒரு பாட் பெரும்பாலான வலைப்பதிவுகளுக்கு ஏராளம். முழு வேர்ட்பிரஸ் கோப்புறைக்கும் ஒரு வால்யூம் கொடுங்கள், உத்தியை ரீகிரியேட் ஆக்குங்கள், முடிந்தது. பதிப்பு மாற்றும்போது சில வினாடிகள் தளம் தெரியாது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இமேஜ் எழும்போது, கோப்புறையில் ஏற்கெனவே வேர்ட்பிரஸ் இருந்தால் அதன் மேல் எழுதாது. ஆகவே இமேஜின் பதிப்பு எண்ணை மாற்றினால் பிஹெச்பியும் வலைச் சர்வரான அப்பாச்சியும் புதிதாகும், வேர்ட்பிரஸ் பழையதாகவே நிற்கும். இமேஜைப் புதுப்பித்தோமே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய வேர்ட்பிரஸை மாதக்கணக்கில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். வேர்ட்பிரஸை அதன் டாஷ்போர்டிலிருந்துதான் புதுப்பிக்க வேண்டும்.

இல்லை, மூன்றுதான் வேண்டும் என்றால் பாதையே வேறு. தீம், பிளகின் எல்லாவற்றையும் உள்ளடக்கிய சொந்த இமேஜ் ஒன்றைக் கட்டுங்கள். டாஷ்போர்டிலிருந்து பிளகின் நிறுவும் வசதியைக் கட்டமைப்பிலேயே அடைத்துவிடுங்கள். திறந்து வைத்தால் மூன்று பாட்களில் ஒன்றில் மட்டும் பிளகின் ஏறும். அப்லோட்ஸை மட்டும், பல நோட்கள் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ரீட்ரைட்மெனி வால்யூமில் வையுங்கள் (லாங்ஹார்ன் இதை உள்ளுக்குள் என்எஃப்எஸ் வழியாகத் தருகிறது), அல்லது பிளகின் மூலம் எஸ்3 வகை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிடுங்கள். முழு வேர்ட்பிரஸையும் என்எஃப்எஸ்ஸில் போட்டுவிட்டு ‘மூன்று பாட் இருந்தும் மெதுவாக இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் நிறைய. ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான பிஹெச்பி கோப்புகளைத் திறக்கும் மென்பொருள் அது. ஒவ்வொன்றையும் வலையமைப்பைத் தாண்டிப் போய் எட்டிப் பார்த்தால் மெதுவாகத்தான் இருக்கும்.

மூன்று பாட் வைத்தால் ஒரு கணக்கும் போட வேண்டும். அப்பாச்சி உள்ள வேர்ட்பிரஸ் இமேஜ் ஒரே நேரத்தில் 150 கோரிக்கைகள் வரை எடுக்கும், அதுதான் இயல்பு அளவு. மூன்று பாட் என்றால் 450. மைஎஸ்க்யூஎல் அனுமதிக்கும் இணைப்புகளின் இயல்பு எண்ணிக்கையோ 151. கூட்டம் இல்லாத நாளில் இது தெரியவே தெரியாது. ஒரு பதிவு பரவலாகப் பகிரப்படும் அன்று, ரெப்ளிக்காவைக் கூட்டக் கூட்டப் பிழை அதிகமாகும் விசித்திரத்தைப் பார்ப்பீர்கள். நினைவகத்திலும் இதே கதைதான். 150 பிஹெச்பி செயல்முறைகளும் ஆளுக்கு 40 எம்பி எடுத்தால் 6 ஜிபி. பாட்டுக்கு 512 எம்பி வரம்பு வைத்திருந்தால் நினைவகம் போதாமல் 137 என்ற எண்ணோடு செத்து விழும். ஆகவே அப்பாச்சியின் 150-ஐக் குறையுங்கள். ஒரு பாட்டுக்கு 10 அல்லது 15 என்று வைத்துத் தொடங்கி அளந்து பார்த்து ஏற்றுங்கள். வரிசையில் சில மில்லிவினாடி காத்திருப்பது சாவதைவிட மேல்.

ஆரோக்கியச் சோதனைகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு: வேர்ட்பிரஸின் லாகின் பக்கத்தை லைவ்னஸ் சோதனையாக (தோற்றால் பாட்டைக் கொன்று எழுப்பும் சோதனை) வைப்பது. தரவுத்தளம் ஒரு நிமிடம் படுத்தால் அந்தப் பக்கம் 500 என்று பதில் சொல்லும். குபெர்நெட்டீஸ் ஒரு குற்றமும் செய்யாத வேர்ட்பிரஸ் பாட்களை எல்லாம் கொன்று எழுப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சோதனையை ரெடினஸில் (தோற்றால் அந்த பாட்டுக்கு யாரையும் அனுப்பாத சோதனை) வையுங்கள். லைவ்னஸுக்குப் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். மைஎஸ்க்யூஎல்லுக்கு இதைவிடக் கவனம் தேவை. திடீரென்று நின்றுபோன தரவுத்தளம் மறுபடி எழும்போது தன் பதிவேடுகளை வாசித்துச் சரிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். அவசரக்கார லைவ்னஸ் பாதியிலேயே கொன்றால், அடுத்த முறை முதலிலிருந்து. ஸ்டார்ட்அப் சோதனை வைத்துப் பத்து நிமிடம் வரை பொறுமை கொடுங்கள். நிறுத்தும்போது கொடுக்கும் 30 வினாடி அவகாசத்தையும் 120 ஆக்கிவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் எழும்போது தரவுத்தளம் தயாராக இல்லையென்றால் என்ன என்று கவலைப்பட வேண்டாம். ரெடினஸ் சோதனை சரியாக இருந்தால், தரவுத்தளம் வரும் வரை அந்த பாட்டுக்கு யாரும் அனுப்பப்பட மாட்டார்கள்.

முகவரி விஷயத்தில் ஒரு பொறி. முதல் நிறுவலை போர்ட்-ஃபார்வர்டு போட்டு உங்கள் கணினியின் 8080 வழியாகச் செய்திருந்தால், வேர்ட்பிரஸ் அந்த முகவரியையே தன் வீட்டு முகவரியாகத் தரவுத்தளத்தில் எழுதிவைத்திருக்கும். பிறகு டொமைன் கொடுத்தாலும் இணைப்புகள் எல்லாம் லோக்கல்ஹோஸ்ட்டுக்கே ஓடும். தரவுத்தள டம்ப்பில் (தரவை முழுதாக எழுதிவைத்த கோப்பில்) தேடி மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். பிஹெச்பி சில அமைப்புகளைச் சரத்தின் நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கிறது. எழுத்து எண்ணிக்கை மாறினால் அந்த அமைப்பே படிக்க முடியாமல் போகும், விட்ஜெட்கள் காணாமல் போகும். வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை நீளத்தையும் திருத்திக்கொள்ளும்.

படம் ஏற்றும்போது ‘அளவு அதிகம்’ என்று வந்தால் பிஹெச்பியின் 2 எம்பி இயல்பு வரம்பைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் வகை இங்ரெஸ் (வெளியிலிருந்து வருவோரை உள்ளே அனுப்பும் வாசல்) போட்டிருந்தால் அங்கே 1 எம்பி என்று தனியாக ஒரு வரம்பு உண்டு. கே3எஸ்ஸோடு வரும் ட்ரேஃபிக் என்ற இங்ரெஸில் அந்தத் தொல்லை இல்லை.

பேக்கப்புக்கு ஒரு கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை). மைஎஸ்க்யூஎல்டம்ப்பை ஒற்றைப் பரிவர்த்தனை விருப்பத்தோடு ஓட்டுங்கள். அட்டவணைகளைப் பூட்டாமல் தரவின் ஒரே கணத்தின் நிலையை எடுக்கும். டம்ப் முடிந்த பிறகு அப்லோட்ஸை நகல் எடுங்கள், இந்த வரிசை முக்கியம். படங்களை முதலில் எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் வெளியான பதிவுக்குத் தரவுத்தளத்தில் இடம் இருக்கும், படம் இருக்காது. இரண்டையும் கிளஸ்டருக்கு வெளியே அனுப்புங்கள். கிரான்ஜாப் நேரம் பெரும்பாலும் யூடிசியில் எண்ணப்படும். அதிகாலை 2 என்று எழுதினால் நமக்கு அது காலை 7:30, வாசகர்கள் செல்பேசியோடு காபி குடிக்கும் நேரம். கிரான்ஜாப்பில் நேர மண்டலத்துக்கென்று தனிப் புலம் இருக்கிறது, அதில் ஆசியா/கொல்கத்தா என்று போட்டுவிடுங்கள்.

வெளியே அனுப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சோதனை நேம்ஸ்பேஸைச் (கிளஸ்டருக்குள் தனியாகப் பிரித்த பகுதியை) சுத்தம் செய்கிறேன் என்று, பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இன்னொன்றை அழித்துவிட்டேன். நேம்ஸ்பேஸ் போனால் பிவிசி போகும். தானாக உருவான வால்யூம்களின் இயல்பான கொள்கை ‘டிலீட்’ என்பதால் பிவிசி போனால் டிஸ்கும் போகும். பேக்கப் எடுத்து வைத்திருந்தேன், அதே நேம்ஸ்பேஸுக்குள் இன்னொரு வால்யூமில். நண்பர் ஒருவரின் நான்கு வருட எழுத்தில் பாதியைத் தேடுபொறிகளின் பழைய நகல்களிலிருந்தும் அவருடைய மின்னஞ்சல்களிலிருந்தும் பொறுக்கி எடுத்தோம். மீதி கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் வால்யூம் உருவானதும் அதன் கொள்கையை ‘ரீடெய்ன்’ என்று மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

உங்கள் வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். படங்களை எடுத்தாயிற்று. மைஎஸ்க்யூஎல்லுக்குள் நுழைந்து கடவுச்சொல்லைச் சரிசெய்யுங்கள், உடனே ஒரு டம்ப் எடுங்கள். ரெப்ளிக்காவை 1-க்கு இறக்குங்கள். சாவிகளைச் சீக்ரெட்டில் வைத்து, வேர்ட்பிரஸுக்கு வால்யூம் கொடுத்து, எடுத்து வைத்த படங்களை அதில் போடுங்கள். அவற்றின் உரிமையை, அப்பாச்சி ஓடும் பயனரான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு மாற்ற மறக்காதீர்கள், மறந்தால் புதிய படம் ஏறாது. மைஎஸ்க்யூஎல்லை ஸ்டேட்ஃபுல்செட்டாக மாற்றுவதைக் கடைசியாக, அந்த டம்ப்பைக் கொண்டு வேறொரு நேம்ஸ்பேஸில் முழுத் தளத்தையும் ஒரு முறை எழுப்பிப் பார்த்த பிறகு செய்யுங்கள். அங்கே பழைய பதிவு ஒன்றைத் திறந்து, படம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு வேர்ட்பிரஸ் பாட்டைக் கையாலேயே கொன்றுவிட்டு மறுபடி பாருங்கள்.